கழுவாத தட்டு

ஜன்னல் பக்கமா? வேண்டாம், நீங்களே உட்காருங்கள். எனக்கு எந்த இடமானாலும் ஒன்றுதான். வெயில் அடிக்குமே என்கிறீர்களா? அடிக்கட்டும். வெயில் ஒரு உணர்வு, நிழல் ஒரு உணர்வு. ரெண்டும் கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு போய்விடும். அதற்காக இடம் மாற்றி உட்கார ஆரம்பித்தால் ஆயுசு முழுக்க மாறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மதுரைக்கா? நானும் மதுரைதான். இந்தப் பாட்டை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறீர்களா? கண்டக்டர் உங்கள் பக்கமாகத்தான் வருவார். எனக்கு ஒன்றுமில்லை, நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். உங்களுக்குத் தலைவலி வருமே என்று சொன்னேன்.

வெள்ளைச் சேலையைப் பார்க்கிறீர்கள். எல்லோரும் பார்ப்பார்கள், பரவாயில்லை. அவர் நன்றாக இருக்கிறார், மஸ்கட்டில். நான் முன்னால் வந்துவிட்டேன், அவர் வேலையை முடித்துக்கொண்டு வருவார். இருபது வருஷம் அங்கே இருந்தோம். இந்த வெள்ளை தியானத்துக்காக உடுத்துவது. தேனிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தியான மையம் இருக்கிறது, புத்தர் சொன்ன முறை. அங்கிருந்துதான் வருகிறேன். பத்து நாள் முகாம். பேச்சே கிடையாது. பேச்சு மட்டுமில்லை, சைகை கிடையாது, சிரிப்பு கிடையாது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதுகூடக் கிடையாது. தரையைப் பார்த்து நடக்க வேண்டும். போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள்.

நான் இந்த முறை தியானத்துக்கு உட்காரவில்லை. சேவைக்குப் போனேன். பெண்கள் பக்கத்துச் சமையலறை. சேவைக்காரர்கள் மட்டும் வேலைக்காக எங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். நம்முடைய பயிற்சி எந்த அளவுக்கு ஊறியிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அடுப்படியில்தான் தெரியும்.

முகாம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். முடியவில்லை. நாளைக் காலையில்தான் எல்லோரும் கிளம்புவார்கள். நான் இன்றைக்கே வந்துவிட்டேன். சொல்கிறேன், தூரம்தான் கிடக்கிறதே.

முதலில் இது என்ன பயிற்சி என்று தெரிய வேண்டும் உங்களுக்கு. இப்போது மூக்கு நுனியில் அரிக்கிறது என்று வையுங்கள். நாம் என்ன செய்வோம்? கை தானாகப் போகும். இவர்கள் சொல்வது, சொறியாதே, பார். அரிப்பு ஏறும், உயிர் போவது மாதிரி ஏறும், பிறகு அதுவாக இறங்கும். அதேபோல உடம்பு முழுக்க இதமாக ஒரு சிலிர்ப்பு ஓடும் சமயம் உண்டு. அதையும் பிடித்துக்கொள்ளாதே, பார். வந்ததைத் தள்ளாதே, போவதைப் பிடிக்காதே. அவ்வளவுதான் பாடம். கேட்க என்ன லேசாக இருக்கிறது! மஸ்கட்டில் ஒரு சிங்களத்து அம்மா வீட்டில் வாராவாரம் கூடுவோம், அங்கேதான் பிடித்துக்கொண்டேன். பத்து வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை. இன்றைக்கு என்னை யாராலும் அசைக்க முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

ஆண்டிபட்டி வந்துவிட்டதா? கடலைக்காரர் ஏறிவிட்டாரே. வறுகடலை வாசம் பஸ் முழுக்க. என் தங்கை இருந்திருந்தால் இந்நேரம் ரெண்டு பொட்டலம் வாங்கியிருப்பாள். பஸ்ஸில் ஏறினால் அவளுக்குக் கடலை வேண்டும். தோலை ஊதி ஊதி, மடி நிறைய, பக்கத்தில் இருப்பவர் மடி நிறைய. காலேஜுக்குப் போகும்போதுகூட அப்படித்தான். நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். வேண்டும், வேண்டாம் என்பதே எனக்கு இப்போது இல்லை.

அவளால்தான் கிளம்பினேன். அவளால் என்று சொல்லக் கூடாது. அவளுக்காக.

பெயர் மங்கையர்க்கரசி. நாங்கள் அரசி என்போம். எனக்கு அடுத்தவள், நாலு வயது இளையவள். உத்தமபாளையத்தில் கட்டிக் கொடுத்தோம். அவள் வீட்டுக்காரர் தனசேகர் லேத் பட்டறை வைத்திருந்தார், தங்கமான மனிதர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர்தான். நாலு வருஷமாகிறது.

மஸ்கட்டிலிருந்து நான் வந்து இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். நம் பக்கம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூரத்திலிருந்து கூடப் பிறந்தவள் வந்து வாசலில் கால் வைத்தால், அதுவரைக்கும் ஓய்ந்து கிடந்த அழுகை திரும்ப எழுந்துவிடும். பெண்கள் எல்லாம் எழுந்து வருவார்கள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு, இவள் ஒன்று சொல்லி, அவள் ஒன்று சொல்லி அழ வேண்டும். அழுகிறோமோ இல்லையோ, கட்ட வேண்டும்.

நான் வாசலிலேயே நின்றேன். அவள் கூடத்திலிருந்து ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். தலை விரிந்து கிடக்கிறது, சேலை எங்கேயோ இருக்கிறது. எனக்குள்ளே ஒரு பெரிய அலை எழும்புவது தெரிந்தது. இதோ, இதுதான் சோதனை என்று நினைத்தேன். இத்தனை வருஷம் உட்கார்ந்ததெல்லாம் இந்த நிமிஷத்துக்குத்தான் என்று நினைத்தேன். விரித்த கை ரெண்டையும் அப்படியே பிடித்தேன். மெதுவாக இறக்கி அவள் பக்கவாட்டில் வைத்தேன்.

"அரசி, மூச்சைப் பாரு. உள்ள போகுது, வெளிய வருது. அத மட்டும் பாரு. இது வரும், போயிரும்."

"என்னக்கா போயிரும்?"

"இந்த வலி."

அவள் என்னையே பார்த்தாள். "அவரே போயிட்டாரு. வலியாச்சும் இருந்துட்டுப் போகட்டுமே."

அதோடு விட்டிருக்கலாம். கூடியிருந்த சனத்தைத் திரும்பிப் பார்த்து, "எங்கக்கா இன்னும் வரல. இது யாரோ வந்திருக்காங்க. காப்பி குடுத்து அனுப்புங்க" என்றாள்.

அத்தனை பேர் முன்னால். மாமியார் முறை, நாத்தனார் முறை, எதிர்வீட்டுக்காரி எல்லோரும் இருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ரெண்டு வார்த்தை கேட்டிருப்பார்கள், இல்லையா? நான் அசையவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம். அதையும் கவனித்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன். துளி கண்ணீர் வரவில்லை. ஒருத்தி காதில் விழுகிற மாதிரியே சொன்னாள், "வெளிநாட்டுக் காத்து, கல்லாக்கிருச்சு" என்று. சொல்லட்டும். சத்தம்தானே அது?

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபத்தினால் இல்லை. அவள் மனசு அடங்கட்டும் என்று இடம் கொடுத்தேன். நான் மதுரைக்கே வந்துவிட்டேன் என்பது தெரிந்தும் ஒரு போன் இல்லை. நாலு தீபாவளி. தப்பாக நினைக்காதீர்கள், நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இந்த ஆள் பாட்டைக் குறைக்கவே இல்லை, பார்த்தீர்களா? நீங்கள் சொன்னீர்களா இல்லையா? சரி, விடுங்கள்.

முகாம் தொடங்குகிற அன்றைக்குச் சாயங்காலம், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வரிசையாகச் செருப்பைக் கழற்றுகிறார்கள். ஒருத்தி இடது காலை உதறி உதறிக் கழற்றினாள். காலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது எனக்கு. நிமிர்ந்து பார்த்தால் அரசி. தலையில் பாதி நரைத்துவிட்டது. அவளுக்குத் தூக்கமே இல்லை என்றும், டாக்டர் யாரோ இங்கே போகச் சொன்னார் என்றும் பிறகு மற்ற சேவைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மணி அடித்தால் மௌனம். அதற்கு மேல் அவளும் பேச முடியாது, நானும் பேச முடியாது.

யோசித்துப் பாருங்கள். நாலு வருஷம் பேசாதவர்களைக் கொண்டுவந்து ஒரே கூடத்தில் விட்டு, பேசாதே என்கிறார்கள்.

சொந்தக்காரர் வந்திருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஹேமலதா டீச்சர்தான் எங்கள் பொறுப்பாளர். கம்பத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஒன்றுதான் கழுத்தில் இல்லை. ரெண்டு நாள் கழித்துக் காய் நறுக்கும்போது அவரே கேட்டார். "அந்த நாலாவது வரிசைப் பொண்ணும் நீங்களும் ஒரே மூக்கு. உறவாம்மா?"

"எனக்கு யாருமில்ல டீச்சர்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆழமாகப் பார்த்தால் யாருக்கும் யாருமில்லைதானே? அந்தப் பொருளில் சொன்னேன்.

நாங்கள் மேசைக்குப் பின்னால் நின்று கரண்டியால் பரிமாறுவோம். அவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தியபடி நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அரசி வருவாள். தட்டை நீட்டுவாள். நிமிர மாட்டாள். காலையில் நிமிர மாட்டாள், மத்தியானம் நிமிர மாட்டாள். விதி அப்படித்தான், சரி. ஆனால் மற்றவர்கள் எல்லாம் ஒரு நேரமாவது தவறிப் பார்த்துவிடுகிறார்கள். பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்கள். இவள் மட்டும் என்ன அப்படி ஒரு கட்டுப்பாடு? இத்தனைக்கும் புதுசு. நான் நினைத்தேன், தெரிந்துதான் நிமிராமல் இருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று தரையைப் பார்க்கிறாள். எனக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சில் கொஞ்சம் கனம், தாடையில் இறுக்கம். கவனித்துக்கொண்டே அடுத்தவருக்குக் கூட்டு போட்டேன்.

அவள் சாப்பிட்டதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்புமாவைப் பாதி வைத்துவிட்டாள். கீரையைத் தொடவே இல்லை. கன்னமெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. அங்கே சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும், நாக்குக்கு ஆசை வரக் கூடாது என்று. நான் கொஞ்சம் தாளிதம் கூட்டினேன். மோர்க்குழம்பில் தேங்காய் கூடுதலாக அரைத்தேன். எல்லோருக்கும்தானே? அவளுக்கு மட்டுமா செய்தேன்?

நேற்று மத்தியானத்துக்கு லெமன் சாதம் என்று சமையல் பட்டியலில் எழுதியிருந்தது. நான் புளிசாதம் கிளறிவிட்டேன். எங்கள் வீட்டுப் புளிசாதம். வெந்தயம் வறுத்துப் பொடித்து, கடைசியில் துளி வெல்லம். நல்லெண்ணெய்யைப் பார்த்ததும் டீச்சர் வந்துவிட்டார்.

"ஏம்மா, இங்க என்ன வளைகாப்பா நடக்குது? எண்ணெய் மிதக்குது."

"புளிசாதம்னா எண்ணெய் வேணும் டீச்சர்."

"ஆசைய விடணும்னு அவங்க உக்காந்து முதுகு ஒடியிறாங்க. நீங்க ரெண்டாந்தரம் தட்ட நீட்ட வச்சிருவீங்க போல. யாருக்கும்மா இந்தச் சமையல்?"

கடலையை ஒரு கை கூடுதலாக அள்ளி எண்ணெயில் போட்டேன்.

அந்தக் கடலைக்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் வீட்டில் புளிசாதம் என்றால் இவள் சாதத்தில் இருக்கிற கடலையை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரமாகக் குவித்து, கடைசியில் என் தட்டில் தள்ளிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் இதே கதை. தனக்கு வேண்டாததையெல்லாம் கொட்ட நான் என்ன குப்பைக் கூடையா? நல்லா வைத்திருக்கிறேன் முதுகில். அழுவாள். அடுத்த தடவை திரும்பவும் தள்ளுவாள். அப்படி ஒரு பிடிவாதம். அதனால்தான் நேற்று வேண்டுமென்றே கூடுதலாகப் போட்டேன். பார்ப்போம், இன்னும் அந்தப் புத்தி இருக்கிறதா என்று.

பரிமாறும்போது அவள் தட்டு என் முன்னால் வந்தது. கரண்டியிலிருந்து சாதம் விழுந்தது. வாசம் போயிருக்கும் போல, தட்டு அப்படியே நின்றது. ஒரு மூச்சு நேரம். பின்னால் இருந்தவள் இடித்துக்கொண்டாள். அரசி கரண்டி பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அங்கே சாப்பிட்டவர்கள் அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். வெளியே குழாய் வரிசை இருக்கிறது, கழுவித் துடைத்து அடுக்கிவிட்டுப் போவார்கள். ஒருத்தர்கூடத் தவறியதில்லை. எல்லோரும் போன பிறகு கூடத்தைத் துடைக்க வந்தேன். நான் நின்று பரிமாறுகிற இடத்தில், மேசையில், ஒரு தட்டு இருந்தது. கழுவாத தட்டு. சாதம் முழுக்கச் சாப்பிட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் கடலை, குவியலாக. ஒரு பருக்கை ஒட்டாமல், அத்தனை சுத்தமாகப் பொறுக்கி வைத்திருந்தாள்.

ஒருத்தியை இதற்கு மேல் எப்படி அவமானப்படுத்த முடியும், சொல்லுங்கள்? வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டாள். நீ போட்டது எனக்கு வேண்டாம். என் எச்சில் தட்டை நீ கழுவு. அன்றைக்குக் காப்பி கொடுத்து அனுப்பச் சொன்னாள், இன்றைக்குத் தட்டுக் கழுவ வைத்தாள்.

கழுவினேன். கடலையை எச்சில் வாளியில் தட்டிவிட்டுத் தட்டைக் கழுவினேன். கழுவும்போது வெறுப்பு வந்தது. வந்ததைப் பார்த்தேன், இதுவும் ஒரு உணர்வு, இதுவும் போகும் என்று. தட்டு பளிச்சென்று ஆன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். டீச்சர் வந்து குழாயை மூடினார்.

இன்றைக்குக் காலையில் பத்து மணிக்கு மௌனம் கலையும். அந்தப் பத்து மணியை நீங்கள் பார்த்ததில்லையே? இத்தனை நாள் அடைத்து வைத்த பேச்சு ஒரே நேரத்தில் அவிழ்ந்து, கோழிப் பண்ணை மாதிரி இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், அழுவார்கள், சிரிப்பார்கள். பரிமாறினவர்களைத் தேடிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிடுவார்கள். அவள் வந்தால் என்ன சொல்வாள்? வராமல் இருந்தால்? அதுதான் கிளம்பிவிட்டேன். பயமா? எனக்கென்ன பயம்? அவள் அத்தனை நாள் சேர்த்து வைத்த அமைதி என் முகத்தைப் பார்த்துக் கலைந்துவிடக் கூடாதே என்றுதான். டீச்சரிடம் தலைவலி என்றேன். அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து மணி வரைக்கும் பொறுக்கிற தலவலிதான் இது, இருந்து பாருங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவுதான். பார்த்தீர்களா, சொல்லும்போதுகூட என் குரல் உயரவில்லை.

என்ன?

பஸ்ஸில் ரெண்டு பொட்டலம் வாங்கித் தின்கிறவள் சாதத்தில் இருக்கிற கடலையை ஏன் ஒதுக்க வேண்டும் என்றா?

அது, அவளுக்குச் சாதத்தில் கிடந்தால் பிடிக்காது. ஊறிப் போயிருக்கும் இல்லையா, அதனால்.

இல்லை. எங்கள் வீட்டில் கடலையைத் தனியாக வறுத்துக் கடைசியில்தான் போடுவார்கள். ஊறாது. மொறுமொறுவென்றுதான் இருக்கும். எனக்கு அது உயிர். என் தட்டில் இருப்பதை முதலிலேயே தின்று தீர்த்துவிடுவேன், அப்புறம் வெறும் சாதத்தை வைத்துக்கொண்டு அவள் தட்டைப் பார்ப்பேன்.

அவள் தட்டைத்தான் பார்ப்பேன்.

கொஞ்சம் இருங்கள்.

ஒன்றுமில்லை. இங்கே, தொண்டைக்குக் கீழே ஏதோ வந்து நிற்கிறது. பெயர் வைக்கக் கூடாது, பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறும், பிறகு இறங்கும். எப்போதும் இறங்கும்.

சின்னப் பிள்ளை. அடி வாங்கிக்கொண்டே தள்ளுவாள். "எனக்கு வேணாம், நீ தின்னு" என்பாள். எனக்கு வேணாம் என்றது மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது எனக்கு.

வாளியில் தட்டிவிட்டேனே. அத்தனையையும் வாளியில் தட்டிவிட்டேன். அவள் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

இறங்கவில்லை. இது இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

கணவாய் தாண்டியாயிற்றா? அடுத்து உசிலம்பட்டிதானே? அங்கே எதிர்ப்பக்கம் நின்றால் தேனிக்கு உடனே பஸ் கிடைக்குமா? பத்து மணி எப்போதோ ஆகியிருக்கும். ஆகட்டும், நாளைக் காலை வரைக்கும் அங்கேதான் இருப்பாள், எங்கே போய்விடுவாள்? பேசுவாளா தெரியாது. சமையலறைக்கு வந்து பார்த்திருப்பாள், டீச்சர் சொல்லியிருப்பார், உங்கக்கா கிளம்பிட்டாங்க என்று. யாரோ வந்தார்கள், போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாள். கையை விரித்துக்கொண்டு வந்தால் இந்தத் தடவை... வராமல் இருந்தால் நான்தான் விரிக்க வேண்டும். எனக்கு அது பழக்கமில்லை.

கண்டக்டர், உசிலம்பட்டியில ஒரு ஆள் இறங்கணும்! மதுரைக்கு டிக்கெட் எடுத்தா என்ன, நான் இறங்குறேன். முதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க, மனுசி பேசுறது காதுல விழுகுதா இல்லையா?

மன்னித்துக்கொள்ளுங்கள், கத்திவிட்டேன்.

அந்தப் பொட்டலத்தில் மிச்சம் இருக்கிறதா? பாதி இருந்தாலும் பரவாயில்லை, கொடுத்துவிடுங்கள். இல்லை, எனக்கில்லை.